ஒரு செஸ்னாவும் செங்கல்பட்டுக் காற்றும்

2022 பிப்ரவரி 19 அன்று பெங்களூரு எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து ஒரு சின்ன விமானம் கிளம்பி, ஒன்றரை மணி நேரத்தில் 140 கடல் மைல் தாண்டிப் புதுச்சேரியில் இறங்கியது. பெயர் ஹன்சா-என்ஜி. இரண்டே பேர் உட்காரலாம். விமானம் ஓட்டப் பழகுபவர்களுக்காக பெங்களூரு என்.ஏ.எல். ஆய்வகம் வடிவமைத்தது. 2021 செப்டம்பரிலேயே முதன்முறையாகப் பறந்துவிட்ட விமானம்தான். ஆனாலும் மார்ச் 5 வரை புதுச்சேரியில் தங்கி, அங்கே 18 மணி நேரம் பறந்துவிட்டுத்தான் ஊர் திரும்பியது.

காரணம் காற்று. எச்.ஏ.எல். ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. அடர்த்தி மாறினால் இறக்கை தரும் தூக்குவிசை, எஞ்சினின் திறன், புரொப்பெல்லரின் இழுப்பு மூன்றும் மாறும். மேலே ஏறும் வேகம் எவ்வளவு, இறங்க வந்து கடைசி நொடியில் வேண்டாமென்று மறுபடி எழும்பினால் விமானம் எப்படி நடந்துகொள்ளும், எஞ்சின் சூடேறுமா என்பதையெல்லாம் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அந்தக் கணக்கு சரிதானா என்று கடல் மட்டத்துக் காற்றிடமே கேட்டாக வேண்டும். அதற்காகத்தான் ஹன்சா கிழக்குக் கடற்கரைக்கு வந்தது.

வீட்டு ஃப்ளைட் சிமுலேட்டருக்கு ஒரு சின்ன விமானம் வாங்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் கருத்து. ஆனால் பெரும்பாலானவர்கள் கேட்பது வேறு. சிமுலேட்டரோடு வரும் விமானங்கள் போதாமல், தனி நிறுவனங்கள் விற்கும் ஆட்-ஆன் விமானங்களைத் தேடுகிறார்கள். கடைப் பக்கத்தில் காக்பிட்டின் படம் இருக்கும். தேய்ந்த இருக்கைத் தோல், கண்ணாடியில் விழும் வெயில், ஒவ்வொரு ஸ்க்ரூவும் துல்லியமாகத் தெரியும். அதைப் பார்த்து வாங்குகிறோம். அழகில் தவறில்லை, அதற்கும் உழைப்பு வேண்டும். ஆனால் ஒரு விமானம் விமானமாக இருப்பது அதன் இறக்கைக்கும் காற்றுக்கும் நடக்கும் பேரத்தில். அதைப் படம் காட்டாது. சோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். சோதிக்கத் தேவையானவை ஒரு விமானிக் கையேடு, ஒரு ஸ்டாப்வாட்ச், நமக்குத் தெரிந்த ஒரு நிலப்பரப்பு. நிலப்பரப்புக்குச் செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் கடற்கரை வரையுள்ள பகுதியை எடுத்துக்கொள்வோம்.

முதலில் கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். சிமுலேட்டர் ஒரு நொடியைப் பல துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு துண்டிலும் விமானத்தின் வேகம், காற்றை இறக்கை சந்திக்கும் கோணம், காற்றின் அடர்த்தி ஆகியவற்றைப் பார்த்து விசைகளைக் கண்டுபிடிக்கிறது. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி அவற்றிலிருந்து முடுக்கம், முடுக்கத்திலிருந்து புதிய வேகம், அதிலிருந்து புதிய இடம். பிறகு அடுத்த துண்டு. விசைகளைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று அட்டவணை. காற்றுச் சுரங்கத்திலும் மெய்யான பறத்தலிலும் அளந்த எண்களை வரிசையாக எழுதி வைத்திருப்பார்கள். கோணம் 4 டிகிரி என்றால் தூக்குவிசைக் கெழு இவ்வளவு, 12 டிகிரி என்றால் இவ்வளவு. பஞ்சாங்கத்தைப் புரட்டி நாள் பார்ப்பது போல, கோணத்தைக் கொடுத்தால் விசை கிடைக்கும். ஃப்ளைட்கியர் என்ற இலவசச் சிமுலேட்டரில் பயன்படும் ஜேஎஸ்பிசிம் இந்த வகை. அதன் அட்டவணை சாதாரண எழுத்துக் கோப்பாக இருப்பதால் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். இலவசம் என்பதால் மட்டமாக எண்ண வேண்டாம். 2020 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டார்ப்பா, செயற்கை நுண்ணறிவுக்கும் போர் விமானிக்கும் இடையே நடத்திய ஆல்ஃபாடாக்ஃபைட் போட்டியில் எஃப்-16 விமானங்களைப் பறக்கவைத்தது இதே ஜேஎஸ்பிசிம்தான்.

இன்னொரு வழி இறக்கையைப் பட்டைகளாக வெட்டுவது. ஒவ்வொரு பட்டையும் எந்தக் கோணத்தில், எந்த வேகத்தில் காற்றைச் சந்திக்கிறது என்று தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் ஃப்ரூட், ஸ்டெஃபான் ட்ருஷெவியெட்ஸ்கி போன்றவர்கள் கப்பல் சுழலிகளையும் புரொப்பெல்லர்களையும் புரிந்துகொள்ள வகுத்த முறை இது. ஆஸ்டின் மேயர் உருவாக்கிய எக்ஸ்-ப்ளேன் சிமுலேட்டர் இதன்மேல்தான் நிற்கிறது. 2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரும் விமானத்தின் மேற்பரப்பைச் சிறு பரப்புகளாகப் பிரித்துக் கணக்கிடுகிறது.

எது உசத்தி என்ற சண்டை ஓய்வதில்லை. அட்டவணை, அளந்த எல்லைக்குள் நம்பகமானது. அளக்காத மூலையில் ஊகம்தான். பட்டை முறை, அளவீடு இல்லாத விமானத்துக்கும் ஓரளவு சரியான நடத்தையைத் தந்துவிடும். ஆனால் உடற்பகுதியும் இறக்கையும் சேரும் இடத்தில் காற்று எப்படிக் குழம்புகிறது என்பது போன்ற விவரங்களில் தடுமாறும். கடைசியில் இரண்டிலுமே உருவாக்குபவர் உட்கார்ந்து எண்களைத் திருத்துகிறார். அவர் எந்தக் கையேட்டோடு ஒப்பிட்டுத் திருத்தினார், எவ்வளவு பொறுமையாகத் திருத்தினார் என்பதுதான் நமக்குக் கிடைக்கும் விமானம்.

ஆகவே கையேடு கிடைக்கும் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் முதல் பரிந்துரை. செங்கல்பட்டு மாவட்டத்தில் வளரும் பிள்ளைகளுக்கு வேறொரு விமானத்தின்மேல் ஆசை வருவது இயல்பு. இந்திய விமானப் படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி 1954-லிருந்து தாம்பரத்தில் இருக்கிறது. பிலாட்டஸ் பிசி-7 தலைக்கு மேல் வட்டமடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் முதலில் அதைத்தான் தேடுவார்கள். ஆனால் படைப் பயிற்சி விமானத்தின் கையேட்டைக் கடையில் வாங்கிப் புரட்ட முடியாது. ஆட்-ஆன் சரியா தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் எதுவும் இருக்காது. செஸ்னா 172 அப்படியல்ல. 1955-இல் முதலில் பறந்தது. இதுவரை 44,000-க்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. உலகத்தில் வேறெந்த விமானமும் இத்தனை கட்டப்படவில்லை. அதன் ஒவ்வொரு வகைக்கும் கையேடு எளிதில் கிடைக்கிறது. இந்தியாவின் பறத்தல் பள்ளிகளிலும் 152, 172 இரண்டும் பழகிய முகங்கள். தொடக்கத்துக்கு 172-ஐ விட்டு வேறெங்கும் போகத் தேவையில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 172 என்று பொதுவாகச் சொன்னால் போதாது. 172என் என்ற பழைய வகையில் 160 குதிரைத்திறன் கொண்ட லைக்காமிங் எஞ்சின், கார்புரேட்டரோடு. 172எஸ் என்ற பிற்கால வகையில் 180 குதிரைத்திறன், எரிபொருள் பீய்ச்சப்படும், கார்புரேட்டர் கிடையாது. உச்ச எடையும் வேறு: முன்னது 1,043 கிலோ, பின்னது 1,157 கிலோ. ஆட்-ஆன் எந்த வகையோ அந்த வகையின் கையேட்டைத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி சோதனைகள். 172எஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிமுலேட்டரின் வானிலைத் திரையில் வெப்பநிலையை 15 டிகிரி, அழுத்தத்தை 1013 ஹெக்டோபாஸ்கல், காற்றை சுழி என்று வையுங்கள். விமானத்தில் உச்ச எடை வரும்வரை ஆட்களையும் எரிபொருளையும் ஏற்றுங்கள். 74 நாட் வேகத்தைப் பிடித்துக்கொண்டு முழுத் திறனில் ஏறுங்கள். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். கடல் மட்டத்தை ஒட்டி நிமிடத்துக்கு 730 அடி ஏற வேண்டும் என்கிறது கையேடு.

இப்போது அதை அக்னி நட்சத்திரத்துக்கு மாற்றுங்கள். செங்கல்பட்டில் மே மாத நண்பகல், வெப்பநிலை 40 டிகிரி, அழுத்தம் 1004. உலர்ந்த காற்றாகவே கணக்கிட்டாலும் கன மீட்டருக்கு 1.12 கிலோதான் வருகிறது. தரநிலைக் காற்றில் அது 1.225. கடலோர ஈரப்பதத்தையும் சேர்த்தால் 1.11-ஐ நெருங்கும், ஏனென்றால் நீராவி மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விட எடை குறைந்தது. இது தரநிலை வளிமண்டலத்தில் 3,000 அடிக்கும் மேலே இருக்கும் அடர்த்தி. அதாவது கொளவாய் ஏரியின் மேல் பறக்கும் விமானம், தான் பெங்களூருக்கும் மேலான உயரத்தில் இருப்பதாக உணரும். எஞ்சின் உறிஞ்சும் காற்றும் பத்தில் ஒரு பங்கு குறைவதால் திறனும் ஏறக்குறைய அதே அளவு குறையும். ஏறும் வேகம் நிமிடத்துக்கு 650 அடியை ஒட்டி இறங்க வேண்டும். வெப்பநிலையை மாற்றியும் 730-லேயே நிற்கிற ஆட்-ஆனுக்கு நம் ஊர் வெயில் உறைக்கவில்லை என்று அர்த்தம். அதை நான் வாங்க மாட்டேன்.

அடுத்தது சறுக்கல். எஞ்சின் நின்றுபோனால் எவ்வளவு தூரம் போகலாம்? 172எஸ் கையேட்டின்படி 68 நாட் வேகத்தில், இறக்கையின் ஃப்ளாப் மடிப்புகளை உள்ளே வைத்து, காற்றில்லாத நாளில், ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஒன்றரைக் கடல் மைல். ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்பது. இதைச் சோதிக்க மாமல்லபுரத்தைவிடத் தோதான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. அளவுகோல் தரையிலேயே கிடக்கிறது. கடற்கரைக் கோயிலுக்கு நேர் மேலே 3,000 அடியில் வந்து, வடக்கே திரும்பி, கடற்கரையை ஒட்டியபடி எஞ்சினை நிறுத்துங்கள். த்ராட்டிலைக் குறைத்தால் போதாது. எரிபொருள் கலவைக் கைப்பிடியை முழுக்க வெளியே இழுத்து எஞ்சினைச் சாகவிட வேண்டும். மெதுவாக ஓடும் எஞ்சின் புரொப்பெல்லரைத் தானே சுழற்றிக்கொள்ளும். செத்த எஞ்சினைக் காற்றுதான் புரொப்பெல்லர் வழியாகச் சுழற்ற வேண்டியிருக்கும். அந்த ஆற்றல் நம் உயரத்திலிருந்துதான் போகும். கையேட்டின் எண் இந்த இரண்டாவது நிலைக்கானது.

கணக்குப்படி விமானம் சுமார் 8.2 கிலோமீட்டர் போகும். இறங்க நான்கு நிமிடம் ஆகும். சாளுவன்குப்பத்துப் புலிக்குகை அடியில் கடந்துபோக வேண்டும். நெம்மேலி கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்குச் சற்று முன்பே தரை வந்துவிட வேண்டும். ஆலையைத் தாண்டிப் போனால் உருவாக்கியவர் இழுவிசையைக் குறைத்துப் போட்டிருக்கிறார். வடநெம்மேலி முதலைப் பண்ணைவரை போகிறது என்றால் விகிதம் ஒன்றுக்குப் பதினைந்தைத் தொட்டுவிட்டது. அது செஸ்னாவே அல்ல. மேற்கே திருப்பினால் திருக்கழுக்குன்றம் மலைக்குப் பாதி வழியில் நிலத்தில் இறங்கியிருப்பீர்கள். தெற்கே நான் அனுப்பாததற்குக் காரணம் இருக்கிறது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றியுள்ள வான்பகுதி மெய்யான விமானிகளுக்குத் தடைசெய்யப்பட்டது. சிமுலேட்டரில் யாரும் தடுக்கப்போவதில்லை என்றாலும், பழகும்போதே வரைபடத்தை மதித்துப் பழகுவது நல்லது.

மூன்றாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 3,000 அடியில் 100 நாட் வேகத்தில் மட்டமாகப் பறந்து, கையை எடுத்தாலும் அப்படியே போகும்படி ட்ரிம் சக்கரத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு ஸ்டிக்கை மெல்லப் பின்னால் இழுத்து வேகத்தை 90 நாட்டுக்குக் கொண்டுவந்து, விட்டுவிடுங்கள். இனி உயர்த்துவது தாழ்த்துவது எதுவும் உங்கள் வேலையில்லை. இறக்கைகளை மட்டும் மட்டமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகம் குறைந்திருப்பதால் தூக்குவிசை எடையைத் தாங்காது; மூக்கு தாழும். தாழும்போது வேகம் கூடும். வேகம் 100-ஐக் கடந்ததும் தூக்குவிசை எடையை மிஞ்சும், மூக்கு எழும். எழும்போது வேகம் குறையும். மறுபடி தாழும். உயரமும் வேகமும் ஒன்றை ஒன்று விழுங்கி, ஒன்றாக ஒன்று மாறி, நீண்ட அலையாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு அலையின் உச்சியிலிருந்து அடுத்த உச்சிவரை ஸ்டாப்வாட்சில் அளங்கள்.

எவ்வளவு வர வேண்டும் என்பதை 1908-லேயே ஃப்ரெடெரிக் லான்செஸ்டர் எழுதிவிட்டார். பர்மிங்ஹாமில் மோட்டார் கார் செய்துகொண்டிருந்த பொறியாளர் அவர். ஃப்யூகாய்ட் என்று இந்த அலைக்குப் பெயர் வைத்தவரும் அவரே. அவருடைய சூத்திரத்தில் விமானத்தின் எடை இல்லை, இறக்கையின் பரப்பு இல்லை, எஞ்சின் இல்லை. வேகமும் புவியீர்ப்பும் மட்டும்தான். நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தை 0.453-ஆல் பெருக்கினால் அலை நேரம் நொடிகளில் கிடைக்கும். 100 நாட் என்பது நொடிக்கு 51.4 மீட்டர்; அலை 23 நொடி. மெய்யான விமானத்தில் இது சில நொடிகள் கூடலாம், ஏனென்றால் லான்செஸ்டர் சில விளைவுகளைச் சுருக்கத்துக்காக ஒதுக்கினார். ஆனால் பாதியாகவோ இரட்டிப்பாகவோ போகக் கூடாது. ஒவ்வொரு அலையிலும் ஏற்ற இறக்கம் முந்தையதைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவு குறைய வேண்டும். இழுவிசைதான் அதைத் தணிக்கிறது. அலை தணியாமல் பெருகினாலோ, ஸ்டிக்கை விட்டவுடன் விமானம் தண்டவாளத்தில் மாட்டியது போல மட்டமாகி நின்றுவிட்டாலோ, உள்ளே யாரோ கணக்கை மூடி மறைத்திருக்கிறார்கள்.

விமான நிறுவனங்களின் பல கோடி ரூபாய்ப் பயிற்சிச் சிமுலேட்டருக்கு அங்கீகாரம் தரும்போதும் அதிகாரிகள் இதே சோதனையைச் செய்கிறார்கள். மெய் விமானத்தில் அளந்த அலை நேரத்திலிருந்து பத்து சதவீதத்துக்குள் சிமுலேட்டரின் அலை நேரம் இருந்தாக வேண்டும் என்பது விதி. அதே தேர்வை ஸ்டாப்வாட்சோடு வீட்டு மேசையில் வைத்துப் பார்க்க முடிகிறது என்பது எனக்கு மிகுந்த நிறைவு தரும் விஷயம்.

கார்புரேட்டர் உள்ள 172என், 152, பைப்பர் வாரியர் போன்றவற்றுக்கு இன்னொரு சோதனை உண்டு. இது மார்கழிக் காலைக்குரியது. வெப்பநிலை 22 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 90 சதவீதம், பாலாற்றின் மேல் பனிமூட்டம். இந்த ஊரில் எஞ்சினுக்குள் ஐஸ் உறையும் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரிகிறது, அதே இடத்தில் பெட்ரோல் ஆவியாகிறது. இரண்டும் சேர்ந்து வெப்பநிலையை 20, 30 டிகிரிகூடக் குறைத்துவிடும். ஈரம் அங்கேயே உறைந்து காற்றின் வழியை அடைக்கிறது. த்ராட்டிலைக் குறைத்து இறங்கும் நேரம்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். மிச்சமிருக்கும் சிறு இடைவெளியை ஐஸ் சுலபமாக அடைத்துவிடும்.

நல்ல ஆட்-ஆனில் நடப்பதைக் கவனியுங்கள். கார்புரேட்டர் சூட்டுக் கைப்பிடியைத் தொடாமல் சில நிமிடம் குறைந்த திறனில் பறந்தால், எஞ்சின் சுற்று மெல்ல மெல்ல இறங்கும். யாரும் எச்சரிக்க மாட்டார்கள். எந்த விளக்கும் எரியாது. கைப்பிடியை இழுத்தால் உடனே சரியாகாது. சுற்று இன்னும் குறையும், ஏனென்றால் சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு. பிறகு எஞ்சின் இருமும். உருகிய ஐஸ் தண்ணீராக உள்ளே போகிறது. அதன் பிறகுதான் சுற்று ஏறும். மெய் விமானத்தில் புதிதாக ஓட்டுபவர் பயந்து கைப்பிடியைத் திரும்பத் தள்ளிவிடுவது அந்த இடையில்தான். இந்த நான்கு படிகளையும் வரிசை தவறாமல் காட்டுகிற ஆட்-ஆன், ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடிய பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறது. இதற்கு நான் பணம் கொடுப்பேன். ஃப்ளைட்கியரின் செஸ்னா 172பி இலவசமாகவே கார்புரேட்டர் ஐஸ், எரிபொருளில் கலந்த தண்ணீர் ஆகியவற்றையெல்லாம் மாதிரிப்படுத்துகிறது. விலை கொடுத்து வாங்குவதில் ஏ2ஏ நிறுவனத்தின் பைப்பர் கமாஞ்சே, எஞ்சினை நீங்கள் எப்படி நடத்தினீர்கள் என்பதை ஒரு பயணத்திலிருந்து அடுத்த பயணத்துக்கு நினைவில் வைத்திருக்கிறது. முதலில் இலவசமானதில் ஆறு மாதம் பழகிவிட்டு, பிறகு பணத்தை எடுப்பதே நியாயம்.

புறப்படும்போது விமானம் இடப்பக்கம் இழுக்க வேண்டும். வலக்கால் மிதி இல்லாமல் ஓடுபாதை நடுக்கோட்டில் ஓடுகிற ஒற்றை எஞ்சின் விமானம் பொய். ஆனால் பல சிமுலேட்டர்களில் இதைத் தானாகச் சரிசெய்யும் உதவி ஒன்று ஆரம்பத்திலேயே முடுக்கிவிடப்பட்டிருக்கும். ஆட்-ஆனைக் குறை சொல்வதற்கு முன் அமைப்புகளில் போய் அதை அணைத்துவிடுங்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால், இரண்டாவது ஆட்-ஆன் வாங்குவதைவிட ரடர் பெடல் வாங்குவது மேல்.

ஜாய்ஸ்டிக்கில் தீராத ஒரு குறை உண்டு. மெய் விமானத்தில் ஸ்டிக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கையில் உணரும் அழுத்தம் மறையும்வரை ட்ரிம் சக்கரத்தைச் சுழற்றுவார்கள். கை அதே இடத்தில்தான் இருக்கும். வீட்டு ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங் எப்போதும் நடுவையே தேடும். அதனால் ட்ரிம் செய்யச் செய்யக் கையைப் பின்வாங்கிக்கொண்டே வர வேண்டும். எந்த ஆட்-ஆனாலும் இதைத் தீர்க்க முடியாது.

சுழன்று விழுவதையும், ஸ்டால் எனப்படும் தூக்குவிசை இழப்பின் ஆழமான கட்டத்தையும் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2009-இல் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் 3407 விமானம் ஸ்டாலாகி விழுந்த பிறகுதான், முழு ஸ்டாலைச் சரியாகக் காட்ட வேண்டும் என்ற விதி தொழில்முறைச் சிமுலேட்டர்களுக்கே 2016-இல் வந்தது. அதுவரை அவற்றின் தரவு ஸ்டால் தொடங்கும் வாசலோடு நின்றிருந்தது. வீட்டுச் சிமுலேட்டரில் சோதிக்கத் தகுந்தது எளிய ஒன்றுதான்: மட்டமாகப் பறக்கும்போது 48 நாட்டில் ஸ்டாலாகும் 172எஸ், உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பும்போது 68 நாட்டிலேயே ஸ்டாலாக வேண்டும். அந்தத் திருப்பத்தில் இறக்கை இரு மடங்கு எடையைச் சுமக்கிறது. இரண்டின் வர்க்கமூலம் 1.41.

இனி காற்றைத் திறந்துவிடலாம். கோடையில் நண்பகலை ஒட்டி இந்தக் கரையில் கடற்காற்று நுழைகிறது. மாமல்லபுரத்தில் கிழக்கிலிருந்து குளிர்ந்த காற்று வீசத் தொடங்கிய பின்னும், உள்ளே செங்கல்பட்டில் மேற்கத்திய வெக்கைக் காற்று அடித்துக்கொண்டிருக்கும். இரண்டும் மோதும் முகப்பு மெல்ல உள்நாட்டுக்கு நகரும். அதைக் கடக்கும் சின்ன விமானம் நன்றாகக் குலுங்கும். சிமுலேட்டரின் 'நேரடி வானிலை' இதைக் காட்டுமா? அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் போன்ற உலகளாவிய வானிலை மாதிரி தன் தரவை 0.25 டிகிரி கட்டங்களாகத் தருகிறது. நம் அட்சரேகையில் ஒரு கட்டம் 27 கிலோமீட்டருக்குச் சற்று மேல். செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக் கோயில்வரை நேர்க்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர். நாம் பேசிக்கொண்டிருக்கும் நிலப்பரப்பு முழுவதும் ஒரே கட்டத்தின் அகலம். அந்த அளவுக்குள் முகப்பு தெரியாது.

அதனால் கையாலேயே அமைத்துப் பாருங்கள். 2,000 அடிக்கு மேலே மேற்கிலிருந்து 15 நாட், கீழே கிழக்கிலிருந்து 12 நாட். செங்கல்பட்டிலிருந்து கிழக்கு நோக்கி 3,000 அடியில் கிளம்பி, திருக்கழுக்குன்றம் தாண்டியதும் இறங்குங்கள். பின்னாலிருந்து தள்ளிய காற்று எதிர்காற்றாக மாறும் இடத்தில், காற்றுவேகமானி சட்டென்று ஏற வேண்டும். மூக்கு தானாக எழ வேண்டும். விமானத்தின் நிறை, தரையைப் பொறுத்த தன் வேகத்தை உடனே விட்டுக்கொடுக்காது என்பதே காரணம். பிறகு வேகம் மெல்ல வடியும், மூக்கு தாழும். ட்ரிம்மைத் தொடாமல் இருந்தால் லான்செஸ்டரின் அதே அலை, அதே இருபத்துச் சொச்சம் நொடிகளில் எழுந்து தணியும். இரண்டு காற்றடுக்குகளுக்கு இடையே முள் அசையாமல் வழுக்கிக்கொண்டு போனால், சிமுலேட்டர் மாற்றத்தை அகலமான அடுக்கில் பரப்பிவிட்டிருக்கிறது; குறை ஆட்-ஆனுடையது ஆகாது. அடுக்குகளை இன்னும் நெருக்கமாக அமைத்து மறுபடி பாருங்கள்.

தொழில்முறைச் சிமுலேட்டர்களை ஒருமுறை சோதித்ததோடு விடுவதில்லை; குறிப்பிட்ட இடைவெளியில் அதே சோதனைகளைத் திரும்பச் செய்வார்கள். வீட்டிலும் அதற்கு அவசியம் இருக்கிறது, ஏனென்றால் சிமுலேட்டருக்கு அப்டேட் வரும்போது காற்றைக் கணக்கிடும் முறையையே சில சமயம் மாற்றிவிடுகிறார்கள். நேற்றுவரை நெம்மேலிக்கு முன் இறங்கிய விமானம் இன்று ஆலையைத் தாண்டலாம். ஏறும் வேகம், சறுக்கிய தூரம், அலை நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். எண்கள் மாறியிருந்தால், எடை, வெப்பநிலை, அழுத்தம், உயரம் ஆகியவற்றையும் சேர்த்து ஆட்-ஆனை உருவாக்கியவர்களுக்கு எழுதுங்கள். 'ஏதோ சரியில்லை' என்ற கடிதத்தை வைத்து அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. '68 நாட்டில், உச்ச எடையில், எஞ்சினை நிறுத்தி, 3,000 அடியிலிருந்து 10 கிலோமீட்டர் போகிறது' என்று எழுதினால், எந்த எண்ணைத் தொட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.